மான் எவ்வளவு பெரிதாக வளரும்? கோடிக்கரைப் பயணக் குறிப்புகள்

வியாழன், தஞ்சாவூர்

மானைத் தேடிக் கிளம்பிய பயணம் திமிங்கிலத்தில் தொடங்குகிறது. தஞ்சை அரண்மனை வளாகத்தில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. 1955-ல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. பள்ளிச் சுற்றுலாவில் வந்த பிள்ளைகள் அதன் விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது அதன் துடுப்பெலும்பை. அவ்வளவு பெரிய உடம்புக்கு அது மிகச் சிறியது. உடம்பைத் தாங்கும் வேலை அதற்கு இல்லை, கடல் தாங்கிக்கொள்கிறது. கரையில் ஒதுங்கிய பெரிய திமிங்கிலம் தன் எடையே தன்னை அழுத்த, மூச்சுத் திணறிச் சாகிறது.

தரையில் நடக்கும் உயிருக்குக் கடலின் தயவு கிடையாது. முழு எடையும் நாலு காலில் இறங்கியாக வேண்டும். கலிலியோ 1638-லேயே இதை எழுதிவிட்டார். ஒரு பிராணியை அதே வடிவத்தில் இரண்டு மடங்கு உயரமாக்கினால், எடை எட்டு மடங்காகிறது. கால் எலும்பின் குறுக்குப் பரப்போ நாலு மடங்குதான் கூடுகிறது. அப்படியென்றால் எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்பைவிட இரண்டு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். உயரத்துக்கு ஓர் எல்லை இருப்பதற்கான முதல் காரணம் இது.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், என் பெரியப்பாவுக்காக. உறவினர் வாட்ஸ்அப் குழுவில் சில வாரங்களாக ஒரு வீடியோ சுற்றுகிறது. பனி மூடிய சாலையில் ஒரு மான் நிற்கிறது. அதன் முதுகு, பக்கத்தில் நிற்கும் காரின் கூரைக்கு மேலே தெரிகிறது. பெரியப்பா போன் செய்தார்.

"ஏம்மா, இது நெசமா, இல்ல கம்ப்யூட்டர்ல பண்ணுனதா?"

"நெசம்தான் பெரியப்பா. அது மூஸ். அலாஸ்கா, கனடா பக்கம் இருக்கு. மான் குடும்பத்துலயே இப்ப உசுரோட இருக்கறதுல அதுதான் பெருசு."

"அப்ப நான் கோடிக்கரையில பாத்தத மட்டும் யாரும் நம்ப மாட்டேங்கிறீங்க. ஆள் ஒசரம் புள்ளிமான். குதிரைக்குப் பக்கத்துல நின்னுச்சு, அதைவிட ஒசரமா."

அவர் சின்னப் பையனாக இருந்தபோது, கோடிக்கரை வரை மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலத்தில், ஆடி அமாவாசைக் கடல் நீராடலுக்குத் தாத்தாவோடு போனபோது பார்த்தது. குடும்பத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பெரியப்பா அறுவடை வயலில் நின்று ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை காணும் என்று கண்ணாலேயே மதிப்பிட்டுச் சொல்பவர். அவர் கண் எதையோ பார்த்திருக்கிறது. அது எது என்று தெரிந்துகொள்ளத்தான் அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கலைக்கூடத்தில் பிட்சாடனர் செப்புத்திருமேனியையும் பார்த்துவிட்டு வந்தேன். மானும் மழுவும் ஏந்திய இறைவனைச் செய்த சோழநாட்டுச் சிற்பிகள், மானின் துள்ளலை எப்போதும் சரியாகப் பிடித்தார்கள். அளவைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒரு கையில் அடங்கும் மான் அவர்களுக்குப் போதும்.

வெள்ளி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம்

சம்பா அறுவடை நடக்கிறது. வழியெல்லாம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள். தார்ப்பாய் போர்த்திய நெல்மேடுகள், எடைக்கு வரிசையில் காத்திருக்கும் சிப்பங்கள். ஒரு சிப்பம், அதாவது ஒரு நெல்மூட்டை, 40 கிலோ. டெல்டாவில் எடை என்றால் எல்லோர் மனதிலும் இருக்கும் அளவு இது. பெரியப்பாவுக்கு மான்களின் எடையைக் கிலோவில் சொன்னபோது தலையாட்டினார். சிப்பத்தில் சொன்னபோதுதான் முகம் மாறியது. ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பல வருஷம் நின்றுபோயிருந்த இந்தப் பாதை 2023-ல் அகல ரயில்பாதையாகத் திரும்ப வந்தது. இப்போது அகஸ்தியம்பள்ளியோடு நிற்கிறது.

கோடிக்கரையின் வெளிமானில் வளர்ந்த ஆண், தோள் உயரம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர், எடை 40 கிலோவை ஒட்டி. ஒரு சிப்பம்.

"இத ரெண்டு பங்கு ஒசரமாக்குனா?" என்றேன்.

"ரெண்டு சிப்பம்."

"எட்டு சிப்பம் பெரியப்பா. நீளம், அகலம், ஒசரம் மூணுமே ரெண்டு பங்காவுதுல்ல?"

எட்டுச் சிப்பம் 320 கிலோ. தோள் உயரம் 160 சென்டிமீட்டர். இப்படி ஒரு மான் நிஜத்திலேயே இருக்கிறது, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே. முதுமலையில் பார்க்கும் கடமானில் நல்ல கிழட்டு ஆண் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம், 300 கிலோ வரை போகும். வெளிமானும் கடமானும் ஒரே குடும்பம் அல்ல. வெளிமான் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது, கொம்பு உதிராது. கடமான் அசல் மான், கொம்பு உதிர்ந்து முளைக்கும். ஆனாலும் கணக்கு இரண்டுக்கும் பொருந்துகிறது.

மூன்று பங்கு உயரமாக்கினால் 2.4 மீட்டர், இருபத்தேழு சிப்பம், அதாவது 1,080 கிலோ. இதற்கு அருகில் வருவது மூஸ். 1897-ல் கனடாவின் யூக்கான் பகுதியில் சுடப்பட்ட ஓர் ஆண்தான் பதிவானவற்றில் மிகப் பெரியது. தோள் உயரம் 2.33 மீட்டர், எடை 820 கிலோ, இருபதரைச் சிப்பம். நம் கணக்குப்படி அந்த உயரத்துக்கு ஏறக்குறைய 990 கிலோ இருக்க வேண்டும். அவ்வளவு இல்லை. மூஸுக்கு ஆழமான பனியில் நடக்க நெட்டைக் கால்கள், உடம்பு அந்த அளவுக்கு நீளவில்லை. இதுவும் ஒற்றை விதிவிலக்குதான். அலாஸ்காவில் நன்றாக வளர்ந்த ஆண் மூஸ் 500 முதல் 700 கிலோ என்பதுதான் வழக்கம். வீடியோவில் இருந்தது அந்த ரகம்.

அழிந்துபோனவற்றையும் சேர்த்துக்கொண்டால்? பனியூழியில் (பனியுகத்தில்) ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழ்ந்த அகன்ற நெற்றி மூஸ் ஒன்று ஆயிரம் கிலோவைத் தொட்டிருக்கலாம் என்று எலும்புகளை வைத்து மதிப்பிடுகிறார்கள். அயர்லாந்துச் சதுப்புகளில் கிடைத்த ராட்சத மான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதன் உயரம் 2.1 மீட்டர்தான், இன்றைய மூஸ் அளவு. பெரிதாக இருந்தது கொம்பு. விரிந்த கொம்பின் அகலம் 3.6 மீட்டர் வரை, எடை 40 கிலோ வரை. பெரியப்பா இதைக் கேட்டு, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"தலையில ஒரு சிப்பமா? வருஷா வருஷம் விழுந்து வருஷா வருஷம் மொளைக்குமா?"

ஆமாம். ஒவ்வொரு வருஷமும் சில மாதங்களில் ஒரு முழு வெளிமானின் எடைக்குச் சமமான எலும்பைத் தலையில் வளர்த்து, பிறகு உதிர்த்துவிட வேண்டும். மூஸின் கொம்பு உச்சகட்ட வளர்ச்சியில் ஒரு நாளைக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். தின்னும் தழையில் அவ்வளவு சுண்ணாம்புச் சத்து கிடைக்காது, அதனால் தன் விலா எலும்புகளிலிருந்தே உருவி எடுத்துக்கொள்கிறது. மான் எவ்வளவு பெரிதாகலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கே இருப்பதாக எனக்குப் படுகிறது. பெரிதாக வளரும் மான் உடம்புக்கும் தின்ன வேண்டும், கொம்புக்கும் தின்ன வேண்டும். ராட்சத மான் சுமார் 7,700 வருஷங்களுக்கு முன்பு வரை சைபீரியப் பக்கம் தாக்குப்பிடித்தது.

ஆக, மான் குலத்தின் முழு வரலாற்றிலும் உச்சவரம்பு ஏறக்குறைய ஒரு டன். இருபத்தைந்து சிப்பம். அதற்கு மேல் யார் எந்தப் படத்தைக் காட்டினாலும் நான் நம்ப மாட்டேன்.

வேதாரண்யத்தில் இரவு தங்கல். கோவிலுக்குப் போய்விட்டு வந்தோம், பெரியப்பா மறைக்காட்டுக் கதவு திறந்த பதிகக் கதையைச் சொன்னார். கொசு அதிகம்.

சனி, கோடிக்கரை

அகஸ்தியம்பள்ளி தாண்டியதும் இருபுறமும் உப்பளம். 1930-ல் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிய ஊர் இது. பிறகு கோடியக்காடு, பாலை மரங்கள் அடர்ந்த வறண்ட பசுமைக்காடு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். முறிந்த மரங்களின் அடையாளம் இன்னும் ஆங்காங்கே தெரிகிறது.

சரணாலயம் 1967-ல் வெளிமான்களுக்காகவே அறிவிக்கப்பட்டது. காலை ஏழு மணிக்குப் புல்வெளியில் முதல் கூட்டம் கண்ணில் பட்டது. ஒரு கருத்த ஆண், முறுக்கிய கொம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அதைச் சுற்றிப் பழுப்புப் பெண்கள். கொஞ்சம் தள்ளி ஏழெட்டுக் காட்டுக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. எப்போதோ வளர்ப்பில் இருந்து விடுபட்டவற்றின் வாரிசுகள், மட்டக் குதிரைகள்தான். அவற்றின் பக்கத்தில் வெளிமான் எவ்வளவு சிறியது என்று அப்போதுதான் உறைத்தது. கொம்பை நீக்கிப் பார்த்தால் ஒரு நல்ல வெள்ளாட்டுக் கிடா அளவு. ஆனால் அது ஓடியபோது! எதற்கோ மிரண்டு முதலில் ஒன்று எம்பியது, பிறகு கூட்டமே எம்பி எம்பிப் பறந்தது. மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய உயிர். திறந்த வெளியில் ஒளிய இடமில்லாமல், சிறுத்தைப்புலியைவிட வேகமான சிவிங்கிப்புலி துரத்திய நாட்டில் லட்சக்கணக்கான வருஷம் பிழைத்த உடம்பு. அந்த உடம்பில் ஒரு சிப்பத்துக்கு மேல் ஏற்றினால் ஓட்டம் போய்விடும். சின்னதாக இருப்பது அதற்குக் குறை இல்லை. அதன் உயிரே அதில் இருக்கிறது.

மதியம் ராமர் பாதம் மேட்டில் உட்கார்ந்திருந்தோம். சதுப்பில் பூநாரைகள் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. பெரியப்பா அவற்றைப் பார்க்கவே இல்லை. அவர் கண் காட்டு ஓரத்திலேயே இருந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் புள்ளிமான்கள் வெளியே வந்தன. ஓர் ஆணுக்குக் கொம்பு முற்றி மெருகேறியிருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்றுக்குக் கொம்பு மயிர்த்தோல் போர்த்தி வளர்ந்துகொண்டிருந்தது. குளிர்நாட்டு மான்களுக்கு எல்லாமே ஒரே பருவத்தில் நடக்கும். நம் ஊர்ப் புள்ளிமானுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கொம்பு முற்றிய ஆண் மெதுவாக நடந்து வந்து பாதையோரக் கல்தூண் ஒன்றை ஒட்டி நின்றது. தலையை உயர்த்தி எங்களைப் பார்த்தது.

"இதே மாதிரிதான்" என்றார் பெரியப்பா. குரல் கம்மியிருந்தது. "இதே மாதிரிதாம்மா நின்னுச்சு."

அது காட்டுக்குள் போன பிறகு, எங்களோடு வந்திருந்த வேட்டைத் தடுப்புக் காவலரிடம் கேட்டுக்கொண்டு, பாதையை விட்டு இறங்காமல் பெரியப்பா அந்தத் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மானின் தோள் தூணில் எந்த மட்டத்தில் இருந்தது என்று நானும் காவலரும் பார்த்து வைத்திருந்தோம். அது பெரியப்பாவின் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்தது. தொண்ணூறு சென்டிமீட்டர் சொல்லலாம். கொம்பு நுனி? அது அவர் தலைக்கு மேலே நாலு விரல் தாண்டியது.

இதுதான் விஷயம். மானின் உயரத்தை அறிவியல் தோளில் அளக்கிறது, ஏனென்றால் தலை ஏறும் இறங்கும், கொம்பு இன்று இருக்கும் நாளை உதிரும். தோள் மாறாது. கண்ணோ உச்சியைத்தான் பார்க்கும். தோள் 90 சென்டிமீட்டர், அதற்கு மேல் நிமிர்ந்த கழுத்து, அதற்கும் மேல் முக்கால் மீட்டருக்குக் குறையாத கொம்பு. சேர்த்தால் ஆளுயரம். மேயும் குதிரை தலையைத் தாழ்த்தியிருக்க, பக்கத்தில் ஒரு புள்ளிமான் தலையை நிமிர்த்தி நின்றால், எட்டு வயதுப் பையன் எதை உயரம் என்று சொல்வான்? பெரியப்பா பார்த்தது நிஜம். அறுபது வருஷமாக வீட்டில் அவரைக் கேலி செய்தவர்கள் அவரிடம் எங்கே அளந்தீர்கள் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

தோளே அந்த மட்டக் குதிரையின் உயரத்துக்கு, சுமார் 1.25 மீட்டருக்கு, வந்திருந்தால்? சாதாரண ஆண் புள்ளிமான் 80 கிலோ, இரண்டு சிப்பம். நம் கணக்கைப் போட்டால் அப்படிப்பட்ட மான் 210 கிலோவைத் தாண்டும். அசாதாரணமாக வளர்ந்த புள்ளிமானே 110 கிலோவை எட்டினால் பெரிது. காவலரிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: "தூரத்துல பாத்தா எல்லாம் பெருசுங்க மேடம். செத்ததைத் தூக்குனாதான் எடை தெரியும்."

எடை விஷயத்தில் அவர் சொல்வது உலகம் முழுக்கப் பொருந்தும். காட்டில் விழுந்த பெரிய மானை முழுதாக நிறுப்பது அரிது. குடலை நீக்கி நிறுப்பார்கள், உயிரோடு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுச் சொல்வார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1926-ல் சுடப்பட்ட வெள்ளைவால் மான் ஒன்று குடல் நீக்கிய பிறகு 183 கிலோ. உயிரோடு 230 இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. முதல் எண் தராசு சொன்னது, இரண்டாவது மனிதர் சொன்னது. இரண்டையும் பிரித்துப் படிக்க வேண்டும். பருவமும் முக்கியம். இணை தேடும் காலத்தில் ஆண்மான் சரியாகத் தின்னாது, சண்டையிலேயே நாள் போகும், உடம்பில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கரைந்துவிடும். படம் எடுத்துக்கொள்ளும் வேட்டைக்காரர் மானுக்குப் பல அடி பின்னால் உட்கார்ந்து சிரித்தால், செத்த மான் கன்றும் யானையாகத் தெரியும்.

ஞாயிறு காலை, கோடிக்கரை

அதே வெள்ளைவால் மானைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. வடக்கே 130, 140 கிலோ ஆகும் அந்த ஒரே இனம், புளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் 25 முதல் 34 கிலோவோடு நின்றுவிடுகிறது. ஒரு சிப்பம்கூட இல்லை. குளிர் கூடக் கூட உடம்பு பெருக்கும் என்று 1847-லேயே பெர்க்மன் எழுதினார். பெரிய உடம்பு சூட்டைக் காக்கும், வெயில் நாட்டில் அதே உடம்பு சூட்டை வெளியே விட முடியாமல் தவிக்கும். மூஸுக்குக் கோடையில் 14 டிகிரியைத் தாண்டினாலே சிரமம் தொடங்குகிறது. இந்தப் பக்கம் மார்கழி விடியலிலும் 14 டிகிரிக்கு இறங்காது.

ஆனால் வெயில் மட்டும் காரணமாக இருக்க முடியாது. இதே தமிழ்நாட்டு மலைகளில் காட்டெருமை ஒரு டன் எடைக்கு வளர்கிறது. முரட்டுப் புல்லை மொத்தமாக வாரிப்போட்டு அசைபோடும் பெரிய வயிறு அதற்கு. மான் நல்ல தளிரைப் பொறுக்கித் தின்னும் வாய். பொறுக்கித் தின்பவனுக்கு ஒரு நாள் பொழுது இவ்வளவுதான். பெருத்த மாட்டின் இடத்தில் ஏற்கெனவே மாடு இருக்கிறது என்பது என் எண்ணம்.

தீவு என்றதும் பிரான்ஸ் கரையை ஒட்டிய ஜெர்சி தீவு நினைவுக்கு வருகிறது. இரண்டு பனியூழிகளுக்கு இடைப்பட்ட வெப்பக் காலத்தில், கடல் ஏறி அந்த நிலம் தீவாகத் துண்டிக்கப்பட்டபோது, அங்கே சிக்கிய செம்மான்கள் ஆறாயிரம் வருஷத்துக்குள் தம் எடையில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டன. எலும்புகள் அதைச் சொல்கின்றன. சுருக்கியது நிலம். எவ்வளவு தின்னக் கிடைக்கிறது, எவ்வளவு தூரம் போகலாம், யார் துரத்துகிறார்கள் என்ற மூன்றும் மாறியதால்.

இதை எண்ணிக்கொண்டே கோடிக்கரையைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. கிழக்கிலும் தெற்கிலும் கடல், மேற்கே சதுப்பு, வடக்கே உப்பளமும் ஊரும். வெளிமானுக்கு இது ஏறத்தாழத் தீவுதான். அதற்கு வேண்டியது திறந்த புல்வெளி, அந்தப் புல்வெளிக்குள் சீமைக் கருவேலம் நுழைந்திருக்கிறது. வனத்துறை வெட்டுகிறது, அது திரும்ப முளைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்வான புல்தரையில் தண்ணீர் நிற்கும், மான்கள் மேடு தேடி ஒதுங்கும். கோடையில் நல்ல தண்ணீர் வற்றும்போது தொட்டிகளில் நிரப்புகிறார்கள். பெரிய மான் எங்கே இருக்கிறது என்று கேட்டு வருகிறவர்கள் இந்தப் புல்லையும் ஒரு நிமிஷம் குனிந்து பார்க்க வேண்டும். மானின் அளவை முடிவு செய்வது இதுதான்.

வருகிறவர்களுக்கு: விடிந்ததும், மாலை ஐந்துக்குப் பிறகும் வாருங்கள். வண்டியை விட்டு இறங்கித் துரத்தாதீர்கள், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே நிற்காதீர்கள். மானைப் பார்த்தால் கொம்பை விட்டுவிட்டுத் தோளைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு மரமோ தூணோ இருந்தால் மட்டத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா இன்று காலை குழுவில் ஒரு குரல்பதிவு போட்டிருக்கிறார். "கொம்போட சேத்து ஆள் ஒசரம். கொம்பு இல்லாம இடுப்பு ஒசரம். எடை ரெண்டு சிப்பம். நேர்ல நின்னு பாத்தாச்சு." அதற்குக் கீழே அத்தை, அப்ப அலாஸ்கா மானுக்கு எத்தனை சிப்பம் என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா பதில் தட்டிக்கொண்டிருக்கிறார். நாங்கள் பத்து மணி பஸ்ஸுக்கு நிற்கிறோம். முத்துப்பேட்டை போய் அலையாத்திக் காட்டில் படகு ஏற வேண்டும்.